அப்பாவின் வயிற்றுப்போக்கும் சின்சே கொடுத்த தூளும்: நீரிழிவு உள்ளவர் தொடரலாமா?

கேள்வி: ஈசூன் தேவி, சிங்கப்பூர்

வணக்கம். என் தந்தைக்கு வயது 68. நீரிழிவு வந்து 17 ஆண்டுகள் ஆகின்றன. இன்சுலின் போடுவதில்லை, மெட்ஃபார்மின், கிளிமெபிரைட், கடந்த ஆண்டு சேர்க்கப்பட்ட எம்பாக்லிஃபுளோசின் ஆகிய மூன்று மாத்திரைகளுடன், இரத்த அழுத்தத்துக்கு லோசார்ட்டானும் எடுத்துக்கொள்கிறார். ஏறத்தாழ 10 வாரங்களாக அவருக்கு வயிற்றுப்போக்கு விட்டுவிட்டு வருகிறது. நான்கைந்து நாள் ஒன்றும் இருக்காது. பிறகு ஒரே நாளில் ஆறேழு முறை தண்ணீராகப் போகும். வலியோ காய்ச்சலோ இரத்தமோ இல்லை. ஆனால் பெரும்பாலும் விடியற்காலை மூன்று, நான்கு மணிக்குத் தூக்கத்திலிருந்து எழுப்பிவிடுகிறது. இரண்டு முறை கழிவறைக்குப் போய்ச் சேர்வதற்குள் கைலி நனைந்துவிட்டது. அதை அவர் என்னிடம் சொல்லவில்லை. விடிவதற்குள் தாமே துவைத்து, குளியலறைக் கம்பியில் போட்டிருந்த கைலியைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது.

எங்கள் எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டி, 20 ஆண்டுப் பழக்கம் உள்ளவர். முதலில் தாமரை விதையும் வேறு சில வெள்ளைச் சீவல்களும் போட்ட ஒரு சூப்பை, நாங்கள் சைவம் என்பதால் இறைச்சி சேர்க்காமல் தனியாகச் சமைத்துக் கொடுத்தார். பிறகு தமக்குத் தெரிந்த சின்சேயிடம் (சீன வைத்தியரிடம்) அப்பாவை அழைத்துச் சென்றார். சின்சே நாக்கையும் நாடியையும் பார்த்து, மண்ணீரலும் சிறுநீரகமும் குளிர்ந்து பலமிழந்திருப்பதாகவும், குடலில் ஈரச் சூடு தேங்கியிருப்பதாகவும் சொல்லி, கசப்பான பழுப்புத் தூளைச் சிறு பொட்டலங்களாகக் கொடுத்திருக்கிறார். ஒரு நாளைக்கு மூன்று பொட்டலம், வெந்நீரில்.

இரண்டு வாரமாக அதைக் குடிக்கிறார். வயிற்றுப்போக்கு ஓரளவு குறைந்திருப்பது உண்மை. அதோடு சர்க்கரையும் இறங்கியிருக்கிறது. காலையில் 8, 9 என்று இருந்தது இப்போது 5, 6 என்று வருகிறது (இங்கே மில்லிமோல் கணக்கு; 4க்குக் கீழே போனால் தாழ்வு). சென்ற வெள்ளிக்கிழமை விடியற்காலையில் மட்டும் வியர்த்துக் கொட்டி எழுந்தார். குத்திப் பார்த்தபோது 3.6 காட்டியது, இனிப்பான மைலோ பானம் கொடுத்ததும் சரியாகிவிட்டது. அப்பாவுக்கு ஒரே மகிழ்ச்சி. இரண்டு நோய்க்கும் ஒரே மருந்து கிடைத்துவிட்டது என்கிறார். பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்கில்) இதைச் சொன்னால் திட்டுவார்கள் என்பதால் சொல்ல வேண்டாம் என்றும் என்னிடம் கேட்டுக்கொண்டார். தூளைத் தொடரலாமா? வயிற்றுப்போக்கு கடுமையாகும் நாளில் சர்க்கரை கலந்த உப்புக்கரைசலை அவர் குடிக்கலாமா?

பதில் 1: பழைய மருந்தாளர்

தேவி, மருந்தகக் கவுன்ட்டருக்குப் பின்னால் 31 ஆண்டுகள் நின்று ஓய்வு பெற்றவன் நான். தூளைப் பற்றி அறிந்தவர்கள் எழுதட்டும். நான் உங்கள் வீட்டு மாத்திரைப் பெட்டியிலிருந்து தொடங்குகிறேன். 10 வாரங்களுக்கு முன் என்ன மாறியது என்பதுதான் என் முதல் கேள்வி.

நீரிழிவு உள்ளவருக்கு நீடித்த வயிற்றுப்போக்கு என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது மெட்ஃபார்மின். "இத்தனை வருடமாகச் சாப்பிடுகிறாரே, இப்போது எப்படி வரும்?" என்று பலர் கேட்டிருக்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் ஒத்துப்போன பிறகும் வரும். அளவைக் கூட்டினாலும், மெதுவாகக் கரையும் வகையிலிருந்து சாதாரண வகைக்கு மாறினாலும் வரும். இரண்டும் வெள்ளை மாத்திரைகளாகவே இருப்பதால் பெட்டிக்குள் விழுந்தபின் வேறுபாடு தெரியாது. ஆகவே பழைய அட்டையையும் புதிய அட்டையையும் பக்கத்தில் வைத்து, பெயருக்குப் பின்னால் எக்ஸ்.ஆர். போன்ற எழுத்துகள் இருக்கின்றனவா, மில்லிகிராம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். அகார்போஸ் என்ற மாத்திரையும், இப்போது பலர் போட்டுக்கொள்ளும் செமாக்ளூட்டைடு போன்ற ஊசிகளும் இதே தொல்லையைத் தரக்கூடியவை. உங்கள் பட்டியலில் அவை இல்லை.

அடுத்து, அப்பாவின் சட்டைப்பையைப் பாருங்கள். கேலியாகச் சொல்லவில்லை. சர்க்கரை இல்லாத மிட்டாய், பிஸ்கட், இருமல் மருந்து ஆகியவற்றில் இனிப்புக்காகச் சேர்க்கப்படும் சார்பிட்டால், மால்டிட்டால் போன்றவை முழுமையாக உட்கிரகிக்கப்படாமல் குடலில் தங்கி நீரை இழுக்கும். நீரிழிவுக்காரர்கள் நல்லது என்று நம்பி, நாள் முழுவதும் ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொள்வார்கள்.

உப்புக்கரைசல் பற்றிக் கேட்டீர்கள். தாராளமாகக் குடிக்கலாம், நீர் வற்றும் நாளில் குடித்தே ஆக வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் 2002இல் திருத்திய கலவையில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான் உண்டு. 200 மில்லி குவளையில் அது 2.7 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையைவிடக் குறைவு. அதுவும் சுவைக்காகச் சேர்த்தது அன்று. சிறுகுடலின் சுவரில் உள்ள ஒரு கடத்தி, குளுக்கோஸ் கூட வந்தால்தான் உப்பை உள்ளே விடும். உப்பின் பின்னால் தண்ணீர் போகும். ராபர்ட் கிரேன் என்ற உயிர்வேதியியலாளர் 1960இல் இந்த இணைப்பை விளக்கிய பிறகே இக்கரைசலுக்கு அறிவியல் அடித்தளம் கிடைத்தது. (உங்கள் தந்தை சாப்பிடும் எம்பாக்லிஃபுளோசின் அடைப்பது இதே குடும்பத்தைச் சேர்ந்த, சிறுநீரகத்தில் இருக்கும் கடத்தியை.) எனவே சர்க்கரை பயத்தில் வெறும் உப்பு நீரையோ, செயற்கை இனிப்பு சேர்த்த பானத்தையோ கொடுத்தால் பலன் இல்லை. கடையில் விற்கும் பொடியை அட்டையில் சொன்ன அளவு நீரில் கரைத்து, சிறிது சிறிதாகக் கொடுங்கள். இனிப்பான குளிர்பானமும் பழச்சாறும் போக்கை அதிகப்படுத்தும்.

போக்கை நிறுத்தும் லோபரமைடு மாத்திரையைப் பொறுத்தவரை, காய்ச்சலோ இரத்தமோ இல்லாதபோது ஒரு பயணத்துக்கோ திருமணத்துக்கோ அது கைகொடுக்கும். காரணம் தெரியாமல் வாரக்கணக்கில் அதை விழுங்குவதற்கு நான் உடன்பட மாட்டேன். அளவு மீறினால் இதயத் துடிப்பின் சீர் கெடும்.

பதில் 2: ஈப்போ மீனாட்சி

சகோதரி, நான் பிறப்பால் சீனப் பெண். கைக்குழந்தையாக இருந்தபோதே ஈப்போவுக்கு அருகே ஒரு தமிழ்க் குடும்பம் என்னைத் தத்தெடுத்தது. சீனப் பள்ளியில் படித்தேன், பிறகு ஒரு சீன மருந்துக் கடையில் 19 ஆண்டுகள் கைத்தராசு பிடித்தேன். வைத்தியர் அல்லேன். ஆனால் எந்த இழுப்பறையில் என்ன இருக்கும் என்பது தெரியும்.

எதிர்வீட்டு ஆன்ட்டியின் சூப்பில் அச்சம் இல்லை. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது நான்கு பொருள் சூப்பாகத்தான் இருக்க வேண்டும்: தாமரை விதை, நம்மவர்கள் மக்கானா என்று வறுத்துத் தின்னும் விதை, ஹுவாய்ஷான் என்ற வள்ளிக்கிழங்குச் சீவல், பைன் மரவேரில் வளரும் ஃபூலிங் என்ற பூஞ்சணம். சீன வீடுகளில் வயிறு சரியில்லாதவர்களுக்கு இதைத்தான் வைத்துக் கொடுப்பார்கள். மாவுச்சத்து நிறைந்தது என்பதால், சோற்றுடன் சேர்த்து ஒரு கிண்ணம் என்று கொடுக்காமல், சோற்றுக்குப் பதிலாகக் கொடுங்கள்.

இனித் தூள். நீரிழிவைச் சீன மரபு சியாவ்கே என்று குறிக்கும்; உடல் தேய்வும் தாகமும் என்று பொருள். வயிற்றுப்போக்கு அதில் தனியான ஒரு நோய். அதற்கு ஒரே மருந்து என்று எதுவும் கிடையாது. உண்டவுடன் போகிறதா, சூடாக நாற்றத்துடன் போகிறதா, விடியற்காலையில் போகிறதா என்று பார்த்தே கலவையை முடிவு செய்வார்கள். சோர்வும் மந்தமும் இருந்தால் ஷென் லிங் பைஜூ சான். சீனாவின் சோங் மன்னர்களுடைய அரச மருந்தகத்தின் காலத்திலிருந்து வரும் கலவை, இதில் ஜின்செங், வெள்ளை அவரை, அதிமதுரம் எல்லாம் உண்டு. சூடும் ஈரமும் என்றால், ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன் ஜாங் ஜொங்ஜிங் என்ற சீன மருத்துவர் வகுத்த கெகென் கலவை. விடியற்காலைப் போக்குக்குத் தனிப்பெயரே உண்டு: ஐந்தாம் காவல் போக்கு. இரவை ஐந்தாகப் பகுத்தால் கடைசிக் காவல் மூன்று மணி முதல் ஐந்து மணி வரை. உங்கள் தந்தை எழும் அதே நேரம். அதற்குரிய மாத்திரையில் ஜாதிக்காயும் கார்போகரிசியும் சேரும்.

சீன மூலிகை என்றாலே தீங்கில்லை என்று எண்ணுபவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். கார்போகரிசியால் கல்லீரல் பாதிக்கப்பட்டதாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. அதிமதுரம் நாள்பட உள்ளே போனால் இரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். வயிற்றுப்போக்கில் ஏற்கெனவே பொட்டாசியம் வெளியேறிக்கொண்டிருக்கும்.

ஆனால் நீங்கள் எழுதியதில் என்னை நிறுத்தியது வேறு. தூள் கசப்பு, போக்கு குறைந்தது, சர்க்கரையும் இறங்கியது, பிறகு 3.6. அந்தத் தூளில் ஹுவாங்லியென் என்ற கசப்பு மூலிகை இருக்கக்கூடும் என்று என் மனம் சொல்கிறது. கடையில் அதன் இழுப்பறையைத் திறந்த கையை உதட்டில் வைத்தால் மதியம் வரை கசக்கும். நம் மரமஞ்சளில் இருக்கும் பெர்பெரின் என்ற அதே பொருள்தான் அதிலும் இருக்கிறது. சீனாவில் பெர்பெரினை வயிற்றுப்போக்குக்காகவே நெடுங்காலம் கொடுத்துவந்தார்கள். நீரிழிவு நோயாளிகளுக்கு அப்படிக் கொடுத்தபோது அவர்களுடைய சர்க்கரையும் இறங்கியதை 1988இல் எழுதினார்கள், அதன் பிறகுதான் அது சர்க்கரைக்கான பொருளாக ஆராயப்பட்டது. ஆகவே உங்கள் தந்தை கண்டது கற்பனை அன்று. சர்க்கரையை இறக்கும் கிளிமெபிரைடும் பெர்பெரினும் ஒன்றாக உள்ளே போய், இரவில் வயிறும் காலியாக இருந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் வெள்ளிக்கிழமை பார்த்திருக்கிறீர்கள்.

இன்னொன்றும் கேளுங்கள். சியாவ்கே வான் என்ற பெயரில் சீனாவில் விற்கும் மாத்திரையின் கலவையிலேயே கிளிபென்கிளமைடு என்ற, சர்க்கரையை இறக்கும் ஆங்கில மருந்து உண்டு. 10 உருண்டையில் 2.5 மில்லிகிராம். அட்டையிலும் அது எழுதியிருக்கும், ஆனால் சீன எழுத்தில். மூலிகை என்று நினைத்து விழுங்குபவருக்கு அது எப்படித் தெரியும்? எழுத்தே இல்லாத பொட்டலங்கள் இன்னும் மோசம். உங்கள் சிங்கப்பூரிலேயே 2008இல் சட்டவிரோத ஆண்மை மாத்திரைகளில் இதே மருந்து கலந்திருந்து, நீரிழிவே இல்லாத 150 பேர் சர்க்கரை தாழ்ந்து மருத்துவமனைக்குப் போனார்கள், நால்வர் இறந்தனர்.

சின்சேயைக் குறை சொல்லவில்லை. உங்கள் ஊரில் 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி சீன வைத்தியர்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும். அவர் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். பெற்றவராக இருந்தால், தூளில் உள்ள ஒவ்வொரு மூலிகையின் பெயரையும் அளவையும் எழுதிக் கேளுங்கள். நல்ல சின்சே மறுக்க மாட்டார். அப்பா என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று அவரிடம் யாராவது சொன்னீர்களா?

பதில் 3: இரவுக் காவலாளி

இந்தப் பெயர் வேலையால் வந்தது அன்று. 24 ஆண்டு நீரிழிவு. அதில் நான்கு ஆண்டு, இரவு முழுவதும் கழிவறைக்குக் காவல். மெத்தைக்குமேல் பிளாஸ்டிக் விரிப்பு, கைக்கு எட்டும் தூரத்தில் மாற்றுக் கைலி, எந்த மண்டபத்துக்குப் போனாலும் முதலில் கழிவறை எங்கே என்று பார்ப்பது, பிறகு மண்டபங்களுக்கே போகாமல் இருப்பது. தேவி, உங்கள் தந்தை ஏன் தாமே துவைத்துப் போட்டார் என்பது எனக்குத் தெரியும். தயவுசெய்து அந்தக் கைலியைப் பற்றி நேரடியாகக் கேட்காதீர்கள். "இரவில் எழ வேண்டியிருக்கிறதா அப்பா" என்று மட்டும் கேளுங்கள்.

எனக்கு மெட்ஃபார்மினை நிறுத்திப் பார்த்தும் குறையவில்லை. நீண்ட கால நீரிழிவு கால் நரம்பைக் கெடுப்பதுபோல் குடலை இயக்கும் நரம்பையும் கெடுக்கும் என்றார் நிபுணர். 1936இலேயே அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையின் மருத்துவர்கள் இதை நீரிழிவு வயிற்றுப்போக்கு என்று தனியாகப் பெயரிட்டு எழுதியிருக்கிறார்களாம்: வலி இராது, தண்ணீராகப் போகும், இரவில் எழுப்பும், இடையிடையே மலச்சிக்கலும் வரும். குடல் மந்தமாக நகர்வதால் சிறுகுடலில் கிருமிகள் மண்டிவிடுவதும் உண்டு. எனக்கு மூச்சுப் பரிசோதனையில் அதுதான் தெரிந்தது. கிருமிகளைக் கொல்லும் ரிஃபாக்சிமின் என்ற மாத்திரை இரண்டு வாரம் கொடுத்தார்கள். பாதிக்குமேல் குறைந்தது. பிறகு ஒரு முறை திரும்பி வந்தது, மீண்டும் கொடுத்தார்கள்.

அதற்கு முன்பு நானும் சீன வைத்தியம் பார்த்தவன்தான். மூலிகையைவிட எனக்கு வினையானது மொக்சா என்ற சூடு. முழங்காலுக்குக் கீழே நான்கு விரற்கடை தள்ளி, எலும்புக்கு வெளிப்பக்கம் உள்ள புள்ளியில், மாசிப்பத்திரி இனத்து இலையைச் சுருட்டிக் கொளுத்திக் காட்டுவார்கள். சூடு தாங்காவிட்டால் சொல்லுங்கள் என்றார் அவர். எனக்குச் சூடே தெரியவில்லை. காலில் உணர்ச்சி குறைந்திருப்பதை அவரிடம் நான் சொல்லவும் இல்லை. வீட்டுக்கு வந்து காற்சட்டையைக் கழற்றியபோது 50 காசு நாணயம் அளவுக்குக் கொப்புளம். அது ஆற ஏழு வாரம் ஆயிற்று. உங்கள் சின்சே இதைப் பரிந்துரைத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பதில் 4: பொது மருத்துவர், மதுரை

முந்தைய பதில்களோடு பெரிதும் உடன்படுகிறேன்; சிலவற்றை மட்டும் சேர்க்கிறேன். தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கை மனக்கவலை என்றோ உணவு ஒவ்வாமை என்றோ தள்ளிவிடக் கூடாது. மெட்ஃபார்மினே காரணம் என்று தோன்றினாலும், 68 வயதில் மலம் கழிக்கும் வழக்கம் 10 வாரமாக மாறியிருக்கிறது என்பதால் பெருங்குடல் உள்நோக்கிப் பரிசோதனை (கொலோனோஸ்கோபி) தேவையா என்பதை அவருடைய மருத்துவர் முடிவு செய்ய வேண்டும். சிறுநீரகச் செயல்பாடு, பொட்டாசியம், தைராய்டு, பி12 ஆகிய இரத்தப் பரிசோதனைகளும் மலப் பரிசோதனையும் முதற்கட்டம். நீண்ட நாள் மெட்ஃபார்மின் பி12 அளவைக் குறைக்கும். அதனால் வரும் கால் மரத்துப்போதலை நீரிழிவின் கணக்கில் எழுதிவிடுகிறோம். மலம் எண்ணெய்ப் பிசுக்காக மிதந்து, எடையும் குறைந்தால் கணையம் சுரக்கும் நொதிகள் போதவில்லையா என்று பார்ப்போம். அது அரிதன்று.

கடுமையான நாட்களைப் பற்றி. தண்ணீராகப் பல முறை போய், சாப்பிடவும் முடியாத நாளில் எம்பாக்லிஃபுளோசினை நிறுத்திவைக்க வேண்டும். அந்த மருந்து உள்ளே இருக்கும்போது உடல் வறண்டு பட்டினியும் சேர்ந்தால், சர்க்கரை ஏறாமலேயே இரத்தத்தில் கீட்டோன் அமிலம் தேங்கக்கூடும்; குமட்டல், வயிற்றுவலி, வேகமான மூச்சு ஆகியவை அதன் அடையாளங்கள். குளுக்கோமீட்டரில் 9 காட்டுகிறதே என்று வீட்டிலேயே இருந்துவிடுவதுதான் இதில் ஆபத்து. மெட்ஃபார்மினையும் லோசார்ட்டானையும் அத்தகைய நாளில் தற்காலிகமாக நிறுத்துவது வழக்கம். உடல் வறளும்போது மெட்ஃபார்மின் வெளியேறாமல் தேங்கக்கூடும், லோசார்ட்டான் சிறுநீரகத்துக்குச் சுமையாகும். உண்ணாமல் கிளிமெபிரைடு போடக் கூடாது. இயல்பாக உண்டு குடிக்கத் தொடங்கி ஒன்றிரண்டு நாள் ஆனபின் மீண்டும் தொடங்கலாம். இதை நாளைக்கே மருத்துவரிடம் கேட்டு, அவர் கையாலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இதைப் படிக்கும் இன்சுலின்காரர்களுக்கு மட்டும் ஒரு சொல்: வயிற்றுப்போக்கு வந்துவிட்டது, சாப்பிடவில்லை என்று நீண்டநேர இன்சுலினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்; அளவை மாற்ற வேண்டுமா என்று கேளுங்கள்.

இரத்தம், காய்ச்சல், நிற்காத வாந்தி, எழுந்தால் தலைசுற்றல், சிறுநீர் வெகுவாகக் குறைதல், குழப்பமான பேச்சு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

தூளைப் பற்றி என் கருத்து: அதில் என்ன இருக்கிறது என்று தெரியும்வரை நிறுத்திவையுங்கள். நீரிழிவு வயிற்றுப்போக்குக்குச் சீனக் கலவைகள் பயன்படுவதாகச் சொல்லும் ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. பெர்பெரினுக்குக் குடலில் உண்மையான வேலை உண்டு என்பதை நான் மறுக்கவில்லை; வேலை செய்யும் பொருள் என்பதாலேயே மருத்துவருக்குத் தெரியாமல் அது உள்ளே போகக் கூடாது என்கிறேன். வேறு சில மருந்துகளைக் கல்லீரல் சிதைக்கும் வேகத்தையும் அது குறைக்கும்.

தேவியின் மறுமொழி, மூன்று வாரங்களுக்குப் பிறகு

அனைவருக்கும் நன்றி. எழுதத் தாமதமானதற்கு மன்னிக்கவும்.

பழைய மருந்தாளர் ஐயா சொன்னபடி அட்டைகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பழையதில் மெதுவாகக் கரையும் வகை, 500 மில்லிகிராம், இரண்டு வேளை. புதியதில் சாதாரண வகை, 1000 மில்லிகிராம், இரண்டு வேளை. மாறி மூன்று மாதம் ஆகிறது. சட்டைப்பையில் சர்க்கரை இல்லாத புதினா மிட்டாய் இருந்தது. மேசை இழுப்பறையில் மேலும் நான்கு டப்பா. கோப்பி ஓ கோசோங் (பாலும் சர்க்கரையும் இல்லாத காப்பி) குடித்த கசப்புக்கு ஒன்று போட்டுக்கொள்வாராம்.

சின்சேயிடம் நானே போனேன். பதிவு பெற்றவர்தான். எட்டு மூலிகைகளின் பெயர்களைச் சீன எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் எழுதிக் கொடுத்தார். மூன்றாவது பெயர் ஹுவாங்லியென். மீனாட்சி அக்கா, நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில்: சர்க்கரை மாத்திரை பற்றி யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவர் கேட்டபோது அப்பா, "ஆங்கில மருந்து கொஞ்சம் சாப்பிடுகிறேன்" என்று மட்டும் சொல்லி, ஆன்ட்டி அதை மொழிபெயர்த்திருக்கிறார். 3.6 என்ற எண்ணைக் கேட்டதும் சின்சே தாமாகவே தூளை நிறுத்திவிடச் சொன்னார்.

பலதுறை மருந்தகத்தில் யாரும் திட்டவில்லை. மெட்ஃபார்மினைக் குறைத்து மீண்டும் மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றினார்கள்; கிளிமெபிரைடையும் பாதியாக்கினார்கள். பி12 குறைவாக இருந்ததால் ஊசி போடுகிறார்கள். உள்நோக்கிப் பரிசோதனைக்கு அடுத்த மாதம் நாள் கிடைத்திருக்கிறது. இந்த மூன்று வாரத்தில் இரண்டு இரவுகள் மட்டும் எழுந்தார். காலைச் சர்க்கரை 7, 8 என்று நிற்கிறது. அது ஏறிவிட்டதே என்று அவருக்குச் சற்று மனக்குறை.

ஆன்ட்டியின் சூப் வாரம் ஒரு முறை தொடர்கிறது, சோற்றுக்குப் பதிலாக. சின்சே எழுதிய தாளையும், கடுமையான நாளில் எந்த மாத்திரையை நிறுத்த வேண்டும் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த தாளையும் மாத்திரைப் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். ஐயா, இன்னும் ஒன்று கேட்க வேண்டும்: புதினா மிட்டாய்க்குப் பதிலாக அப்பாவுக்கு என்ன வாங்கிக் கொடுக்கலாம்?

பதில் 5: பழைய மருந்தாளர்

சோம்பு. ஒரு சிட்டிகை, வறுத்தது. இனிப்பு பூசிய வண்ணச் சோம்பு வேண்டாம். உங்கள் ஊர்த் தேக்கா வட்டாரத்து மளிகைக் கடைகளில் வெறும் சோம்பு கிடைக்கும்.